பெயர் விலாசம் தெரியாத நாற்பத்து மூன்று பேர்

கிதர் முகம்மது திண்டுக்கல்லில் தன் டைப்பிங் கடையில் இருந்து போனில் படித்தார். மகள் நர்கீஸ் பெங்களூரில், அலுவலக மாடிப்படியில் லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எட்டு. எஃப். மூணு. மூணு. சைபர். பி."

"ம்."

"ஏழு. சி. சி. ஒண்ணு."

"ம். சீக்கிரம் அத்தா."

இணையத்தில் இருந்து இறக்கிய கோப்பு வழியில் சிதையாமல் வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோப்பிலிருந்து முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியை எடுக்கலாம். வெளியிட்டவர்கள் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் வரியோடு அது ஒத்துப்போனால் கோப்பு சுத்தம். கம்ப்யூட்டரே ஒரு நொடியில் ஒப்பிட்டுச் சொல்லிவிடும். அதற்கான கட்டளையை நர்கீஸ் மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தாள். கிதர் முகம்மது கவனமாகக் கேட்டுக்கொண்டு, மறுமுறையும் போனை எடுத்து வாய்விட்டுத்தான் படிப்பார். ஒப்பு பார்ப்பது என்றால் ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். பதினேழு வருஷமாக அவர் கடையில் அதுதான் முறை.

இருபத்து நான்காவது எழுத்தில் நர்கீஸ் நிறுத்தினாள்.

"போதும் அத்தா. இம்புட்டு சரியா இருந்தா மிச்சமும் சரியாத்தான் இருக்கும்."

"இன்னும் எட்டு இருக்கேம்மா."

"மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்க."

"சரி, போயிட்டு வா. ஒப்பு முடியலன்னு எழுதி வைக்கிறேன்."

அது புதன்கிழமை. அந்த மீட்டிங்கில் ஏழு பொறியாளர்கள் ஒரு பட்டன் நீலமாக இருக்க வேண்டுமா பச்சையாக இருக்க வேண்டுமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். சனிக்கிழமை காலை ஷட்டரைப் பாதி தூக்கிய கிதர் முகம்மது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தாறு. இது 2008 மார்ச்சில்.

துக்கம் கேட்க மையத்து வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், நர்கீஸின் காதில் விழும்படியே, "அந்தத் திருட்டுக் கேசும் இதோட ஒழிஞ்சுது" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை எடுக்க வைக்கத்தான் கிதர் முகம்மது கடைசி நாலு மாதமும் மல்லுக்கு நின்றார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெற்ற மகளே நினைக்கவில்லை.

கிதர் முகம்மது முதலில் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் கிளார்க்காக இருந்தார். 1991இல் பழைய தமிழ் டைப்ரைட்டர் ஒன்றை வாங்கி, கோர்ட்டுக்குப் போகும் ரோட்டில் ஆறடி அகலக் கடை ஒன்றில் உட்கார்ந்தார். வக்கீல்கள் கிறுக்கிக் கொடுப்பதை அடித்துத் தருவார். கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, ஜாமீன் மனு, விவாகரத்து நோட்டீஸ். எரியோட்டில் இருந்து வரும் வரப்புத் தகராறும் வத்தலக்குண்டில் இருந்து வரும் கடை வாடகைத் தகராறும் அவர் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குள் போயின.

அவருக்கு ஒரே விதி: வந்ததை வந்தபடி. கொடுத்த தாளில் தப்பு இருந்தால் தப்பாகவே அடிப்பார். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். ஒரு நிலத்துக்கு இரண்டு பக்கமும் வடக்கு என்று எழுதிக்கொடுத்த வக்கீல் ஒருவர், "திருத்தி அடிக்க வேண்டியதுதானே பாய், ஒமக்குத் தெரியாதா?" என்று குதித்தார். "நான் திருத்துனா அது ஒங்க பத்திரம் இல்ல சார். எம் பத்திரம்" என்றார் இவர். வக்கீலுக்குப் புரியவில்லை. வக்கீல்களுக்குப் புரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

அடித்து முடித்ததும் ஒப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் நர்கீஸ் மூலத்தைப் படிப்பாள், அவர் அடித்த தாளைப் பார்ப்பார். எட்டு வயதில் அவள் "மேற்படி சொத்தை சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று மூச்சுவிடாமல் சொல்வாள். முடிந்ததும் தாளின் அடியில் 'ஒப்பிட்டவர்' என்ற இடத்தில் சுருக்கொப்பம் போடுவாள். அவள் போட்ட பிறகுதான் தாள் கடையை விட்டு வெளியே போகும்.

1999இல் கம்ப்யூட்டர் வந்தது. மதுரைக்காரர் ஒருவர் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய நாலு சி.டி.யைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லாமே திருட்டு. ஊரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். சட்டத்தையே தொழிலாக வைத்திருக்கும் வக்கீல் ஆபீஸ்களிலும் அப்படித்தான்.

2004இல், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த நர்கீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் சி.டி. ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இது ஃப்ரீ அத்தா. சட்டப்படியே ஃப்ரீ."

"யாரு சொன்னா?"

"அதுலயே போட்டிருக்கும்."

"நீ படிச்சியா?"

"அதையெல்லாம் யாரு படிப்பா?"

அவர் படித்தார். உரிமப் பத்திரத்தை ஆறு பக்கமாக அச்செடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தார். அந்தத் தாள்களை முழுதாகப் படித்த இன்னொரு ஆளை நர்கீஸ் இன்றுவரை சந்தித்ததில்லை. அவளுடைய பேராசிரியர்கள் படித்ததில்லை. அவளுடைய கம்பெனியில் அதை வைத்துச் சம்பாதிக்கிற நானூறு பேர் படித்ததில்லை. எல்லாரும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியவர்கள்.

"யாரு வேணாலும் ஓட்டலாம், நகல் எடுக்கலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். வெலைக்கும் விக்கலாம்" என்றார் ஐந்தாம் நாள். "ஆனா கொடுக்கிறப்ப இந்தப் பத்திரத்தையும் சேத்துக் கொடுக்கணும். எனக்கு இருக்கிற உரிமை வாங்குறவனுக்கும் இருக்கணும். தானப் பத்திரம் மாதிரிதான். ஆனா வாங்குறவன் பேரே இல்ல, வர்றவனுக்கெல்லாம்னு போட்டிருக்கான். இப்படி ஒரு பத்திரத்த நான் அடிச்சதே இல்லம்மா."

கறாராகச் சொன்னால் அது தானம் இல்லை, அனுமதி. மென்பொருளை எழுதியவருக்கு உரிமை அப்படியே இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டே எல்லாருக்கும் அனுமதி கொடுக்கிறார். நர்கீஸ் இதைப் பின்னாளில் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் தெரிந்துவைத்திருந்தது அவர் சொன்னதில் கால்வாசி.

அந்த வாரமே இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்த திருட்டுச் சரக்கு முழுவதையும் அழித்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடை சடையாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஓசில கெடைக்கிறதுலயே நல்ல ஓசி, கெட்ட ஓசின்னு பிரிக்கிறீகளே பாய்!" என்றார். சடையாண்டி கடையில் பழனி பஞ்சாமிர்த டப்பாவுக்குள் திருட்டு சி.டி. அடுக்கியிருக்கும்.

2006இல் கடைக்கு பிராட்பேண்ட் வந்தது. ஒரு லினக்ஸ் சி.டி.யின் அளவு எழுநூறு எம்.பி. நேரே இறக்கினால் அறுநூறு வந்திருக்கும்போது கரண்டு போகும். மறுபடி முதலில் இருந்து. டாரண்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. கோப்பைச் சில்லு சில்லாக உடைத்து, ஏற்கெனவே வைத்திருக்கிற பலரிடம் இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். கரண்டு வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். நமக்கு வந்த சில்லுகளை அதேநேரம் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். லினக்ஸை வெளியிடுகிறவர்களே தங்கள் தளத்தில் டாரண்ட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தார்கள். கிதர் முகம்மதுக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. கொடுக்கலாம் என்று பத்திரம் சொல்கிறது, கொடுக்கிறோம்.

குழப்பம் மற்றவர்களுக்கு. டாரண்ட்டில் புதுப்படம் வருகிறது, ஆகவே டாரண்ட் என்றால் திருட்டு. இதை ஊர் நம்பியது, போலீஸ் நம்பியது, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த நர்கீஸின் கம்பெனியும் நம்பியது.

2007 நவம்பரில் திருட்டு சி.டி. பிடிக்கிறோம் என்று ஒரு எஸ்.ஐ.யும் மூன்று போலீஸ்காரர்களும் அந்த ரோட்டில் இறங்கினார்கள். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. எந்த நிலையமாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சடையாண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே போன் வந்துவிட்டது. பஞ்சாமிர்த டப்பாக்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறிவிட்டன. வரிசையாகப் பதினோரு கடையில் ஒன்றும் சிக்கவில்லை. பன்னிரண்டாவது கடையில் கிதர் முகம்மது, மறைக்க ஒன்றும் இல்லாததால் ஒன்றையும் மறைக்காமல் உட்கார்ந்திருந்தார். திரையில் டாரண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது, மேல ஏறுது, கீழ எறங்குது?"

"கீழ வர்றது எனக்கு வர்றது சார். மேல போறது நான் கொடுக்கிறது."

"அப்ப சப்ளையும் பண்ற."

"ஆமா சார்."

போலீஸ் கேட்கும் இப்படிப்பட்ட கேள்விக்கு அந்த ரோட்டில் யாரும் அதுவரை "ஆமா" என்று சொன்னதில்லை. எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையின் கீழ்ப்பகுதியில் அப்போது இணைந்திருந்தவர்களின் பட்டியல் ஓடியது. எண்கள், பக்கத்தில் சின்னச் சின்ன நாட்டுக் கொடிகள்.

"இவுங்கள்லாம் யாரு?"

"தெரியாது சார்."

"தெரியாதவனுக்கா கொடுக்கிற?"

"அவுங்களும் தெரியாமத்தான் எனக்குத் தாராங்க."

"இது எந்த ஊருக் கொடி?"

"ஃபின்லாந்து சார்."

"ஃபின்லாந்துல ஒனக்கு யாருய்யா இருக்கா?"

கிதர் முகம்மது ஆறு பக்க உரிமப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். எஸ்.ஐ. முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "இங்கிலீஷ்ல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். குற்றம் அதுதான் என்பது போல இருந்தது குரல்.

"சார், வத்தலக்குண்டு பஸ்ல திருட்டுச் சாமானும் போகும், கல்யாணச் சீரும் போகும். சாமான் யாருதுன்னுதான பாக்கணும்? பஸ்ஸப் புடிச்சு உள்ள போட்டா எப்படி சார்?"

"பஸ்ஸையும் புடிப்போம்யா" என்றார் எஸ்.ஐ. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். கம்ப்யூட்டரைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அதே நிலையத்து ஏட்டு கருப்பணன் கடைக்கு வந்தார். கையில் நாலு தாள். நிலையத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. அவர்கள் தாளெல்லாம் கிதர் முகம்மதுவிடம்தான் டைப்புக்கு வரும். அன்றைக்கும் வந்தது. எடுத்துப்போன பொருளுக்கு எழுதும் பறிமுதல் மகஜர். பறிகொடுத்தவரே அடித்துத் தர வேண்டும்.

"கோவிச்சுக்கிறாதீக பாய். வேற கடையில அடிச்சா தப்புத்தப்பா அடிக்கிறாய்ங்க."

கிதர் முகம்மது இரண்டாவது கம்ப்யூட்டரை இயக்கினார். அதில் இருந்ததும் பறிமுதலானதில் இருந்த அதே லினக்ஸ்தான். கருப்பணன் வாசிக்க வாசிக்க அடித்தார்.

"மேற்படி எதிரியானவர், பெயர் விலாசம் தெரியாத, தலைமறைவாக உள்ள நாற்பத்து மூன்று நபர்களுடன் கூட்டாகச் சேர்ந்து..."

விரல் நின்றது. "நாப்பத்தி மூணா ஏட்டையா? நீங்க வந்தப்ப நாப்பத்தி ஒண்ணுதான் இருந்துச்சு."

"ரெண்டு பேரு கூட இருந்தா என்ன பாய்? ஃபின்லாந்துக்காரன் வந்து கேக்கப்போறானா?"

"வந்ததை வந்தபடி அடிக்கிறேன். சொல்லுங்க."

"...திருட்டு மென்பொருளைக் கணிப்பொறி மூலம் விநியோகம் செய்துகொண்டிருந்தபடியால்..."

அடித்தார். அச்செடுத்து, 'திருட்டு' என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். தாளைக் கொடுத்ததும் கருப்பணன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

"போட மாட்டேன்."

"என்ன பாய் இது? அடிச்சது நீங்கதான?"

"அடிச்சது நான். சொன்னது நீங்க."

கருப்பணன் தலையைச் சொறிந்தார். "அப்ப, 'கையொப்பமிட மறுத்துவிட்டார்'னு ஒரு வரி சேத்து அடிங்க."

அதையும் அடித்துக் கொடுத்தார். தப்பில்லாமல்.

மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகை 'சர்வதேசத் திருட்டுக் கும்பல்: திண்டுக்கல் ஆசாமி சிக்கினார்' என்று போட்டது. வக்கீல்கள் இரண்டு வாரம் வரவில்லை. பிறகு மற்ற கடைகளின் எழுத்துப் பிழை பொறுக்காமல் வந்தார்கள். வந்த ஒருவர், தன் ஆபீஸில் பத்துப் பைசா கொடுக்காத திருட்டு எழுத்துருவில் நோட்டீஸ் அடிப்பவர், "எதுக்கு வம்பு பாய், தப்புன்னு ஒத்துக்கிட்டா லேசா முடிஞ்சிரும்" என்று இலவசமாகச் சட்டம் சொன்னார்.

ஜனவரியில் அந்த எஸ்.ஐ. மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு ஃபின்லாந்தில் ஆர்வம் இல்லை. மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போகலாம் என்று கருப்பணன் சொல்லியனுப்பினார். கிதர் முகம்மது போனார். ரசீதில் 'திருட்டு மென்பொருள் அடங்கிய கணிப்பொறி ஒன்றைப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது.

"இந்த ஒரு வார்த்தைய எடுத்துருங்க ஏட்டையா."

"மகஜர்ல என்ன இருக்கோ அதான் பாய் ரசீதுல வரும்."

"மகஜர்ல தப்பா இருக்கு."

"நீங்க அடிச்சதுதான பாய்!"

நிலையமே சிரித்தது. அவர் கையெழுத்துப் போடாமல், கம்ப்யூட்டர் இல்லாமல் திரும்பி வந்தார்.

அன்று போனில் நர்கீஸும் நிலையத்தோடு சேர்ந்துகொண்டாள். "கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துருங்கத்தா. ஒரு வார்த்தைதான? டாரண்ட்னாலே எல்லாரும் திருட்டுன்னுதான் நெனைப்பாங்க."

"எல்லாரும் நெனைக்கிறது எந்த செக்‌ஷன்ல வருதும்மா?"

அவளுக்குச் சட்டம் தெரியும். எழுதியவரே நகலெடுக்க அனுமதி கொடுத்த பொருளை நகலெடுப்பது எந்தச் செக்‌ஷனிலும் குற்றமில்லை. எந்த வழியில் வந்தது என்பது கேள்வியே இல்லை. தெரிந்துகொண்டே பேசினாள்.

அவர் திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் கலெக்டரிடம் கொடுக்க ஒரு மனு தயார் செய்தார். கேட்டது ஒன்றுதான்: மகஜரில் இருந்தும் ரசீதில் இருந்தும் 'திருட்டு' என்ற சொல்லை நீக்க வேண்டும். இங்கிலீஷில் இருக்கிறது என்று இனி யாரும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக ஆறு பக்க உரிமப் பத்திரத்தையும் தமிழில் எழுதி இணைத்தார். அதற்கு ஒரு மாதம் ஆனது.

"வந்து ஒப்பு பாத்துக் கொடும்மா. ஒனக்குத்தான் ரெண்டு பாஷையும் தெரியும், தொழிலும் தெரியும். செத்த நேரம்தான்."

"அடுத்த வாரம் வாரேன் அத்தா."

அந்த வாரம் அவள் அலுவலக நண்பர்களோடு கூர்க் போனாள். அதற்கு அடுத்த வாரம் கம்பெனியில் ஒரு மென்பொருள் வெளியீடு. அதற்குள் லினக்ஸின் திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. மகஜர் விவகாரம் முடியுமுன்பே அதையும் டாரண்ட்டில் இறக்கினார். "பயந்து நிறுத்துனா, அவுங்க சொன்னத நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். இறக்கி முடித்துத்தான் அந்தப் புதன்கிழமை போன் செய்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் திங்கட்கிழமை. அம்மா ரம்ஜான் பீவியிடம் சாவி வாங்கிக்கொண்டு போய் நர்கீஸ் ஷட்டரைத் தூக்கினாள். மேசையில் ஒரு துண்டுத்தாள். முப்பத்திரண்டு எழுத்து, இருபத்து நாலின் கீழே பென்சில் கோடு. பக்கத்தில் 'ஒப்பு முடியவில்லை'. மிச்சம் எட்டையும் தளத்தில் இருந்த வரியோடு வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

சடையாண்டி எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர நான் வேணா கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துரவாம்மா? எனக்கென்ன, திருட்டுன்னா திருட்டு."

"வேணாம்ணே. உள்ள வாங்க. செத்த நேரம் இதப் படிங்க."

உரிமப் பத்திரத்தின் தமிழைச் சடையாண்டி படித்தார், நர்கீஸ் இங்கிலீஷைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் அவர் நிறுத்தினார். "அப்ப இது நெசமாவே திருட்டு இல்லையா?" நாலு வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தவர்.

"படிங்கண்ணே."

ஆறு பக்கத்திலும் ஒரு பிழை இல்லை. பென்சில் புள்ளி வைக்க இடமே இல்லை. கடைசித் தாளின் அடியில் 'ஒப்பிட்டவர்' என்ற இடத்தில் அவள் தன் பழைய சுருக்கொப்பத்தைப் போட்டாள். மணி பதினொன்றரை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கிக்கொண்டிருப்பார்கள். தாள்களை உறையில் போட மனுவைப் புரட்டினாள்.

'மனுதாரர் கையொப்பம்' என்ற இடம் காலியாக இருந்தது. ஒப்பு பார்க்காத தாளில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.